ஆய்வறிக்கை "பன்முகத்தன்மை அதிகம்" என்கிறது. பிறகு நாட்டுப் பன்றிக்கு என்ன ஆபத்து?

நீங்கள் கேட்டிருப்பது இது. ஒரு நாட்டுப் பன்றியினத்தைப் பற்றிய ஆய்வறிக்கையில் "மரபணுப் பன்முகத்தன்மை அதிகம், ஹெட்டிரோசைகோசிட்டி 0.7" என்று இருக்கிறது. அதே அறிக்கை கடைசிப் பக்கத்தில் "உடனடியாகப் பாதுகாக்க வேண்டும்" என்றும் சொல்கிறது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? அப்படியே பாதுகாப்புத் தேவை என்றாலும், விந்தை உறையவைத்து வங்கியில் போட்டுவிட்டால் போதாதா? பார்க்க இரண்டு கேள்விகள் போல இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அந்த 0.7 என்ற எண்ணை வைத்து நிம்மதியாக இருக்கலாமா? இருக்க முடியாது என்பது என் பதில். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

நான் கால்நடை மரபியல் படித்தவன். பதினைந்து வருடத்துக்கு மேலாக நாட்டின விலங்குகளின் ரத்தத்தையும் காதுத் துணுக்கையும் சேகரித்து அலசும் வேலை. அதில் பாதிக்கு மேல் பன்றிதான். நோயியல் என் துறை கிடையாது. அந்தப் பகுதி வரும்போது என் சொல்லுக்குக் கொஞ்சம் குறைவாக மதிப்புக் கொடுங்கள்.

முதலில் அந்த எண் என்ன என்று பார்ப்போம். ஒரு பன்றிக்கு ஒவ்வொரு மரபணு இடத்திலும் தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி என இரண்டு இருக்கும். ஓர் இனத்தின் பிரதிகளையெல்லாம் ஒரு பானையில் போட்டுக் கண்ணை மூடி இரண்டை எடுத்தால், அவை வெவ்வேறாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதே 0.7. நூற்றுக்கு எழுபது. மைக்ரோசாட்டிலைட் என்ற வகைக் குறிகளை வைத்து அளக்கும்போது 0.6, 0.7 என்பதெல்லாம் பன்றியினங்களில் சர்வசாதாரணம். ஒரே இடத்தில் ஏழெட்டு வடிவங்கள் இருக்கக்கூடிய குறிகளையே அதற்குத் தேர்ந்தெடுக்கிறோம். எஸ்.என்.பி. சிப், அதாவது மரபணுத் தொகுதியில் ஒற்றை எழுத்து மாறும் இடங்களை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் படிக்கும் கருவி, அதை வைத்து அளந்தால் அதே இனம் 0.3 சொச்சம் காட்டும். அங்கே ஓர் இடத்தில் இரண்டே வடிவங்கள் என்பதால் எண் 0.5ஐத் தாண்டவே முடியாது. ஓர் அறிக்கையின் 0.7ஐயும் இன்னொன்றின் 0.33ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் சண்டை போடுபவர்களைக் கருத்தரங்குகளிலேயே பார்த்திருக்கிறேன். அதில் அர்த்தமில்லை.

இந்த எண் மெதுவாகத்தான் இறங்கும். சரிவை அது காட்டும்போது சரிவு நடந்து முடிந்திருக்கும். கணக்கு எளிது. ஓர் இனத்தில் எல்லாம் போய் ஐந்தே பன்றிகள் மிஞ்சின என்று வையுங்கள். அந்த ஐந்தும் பெருகினால், அடுத்த தலைமுறையில் பழைய ஹெட்டிரோசைகோசிட்டியில் 90 விழுக்காடு அப்படியே இருக்கும். 0.7 என்பது 0.63 ஆகும், அவ்வளவுதான். அறிக்கை அப்போதும் "நல்ல பன்முகத்தன்மை" என்றே எழுதும். ஆனால் ஐந்து பன்றிகளிடம் மொத்தம் பத்துப் பிரதிகளே உண்டு. நூற்றில் ஒன்றிரண்டு பன்றிகளிடம் மட்டும் இருந்த அரிய வடிவங்களில் பெரும்பாலானவை அந்தப் பத்துக்குள் வந்திருக்காது. போனது போனதுதான். அதனால் நான் எந்த அறிக்கையை எடுத்தாலும் ஹெட்டிரோசைகோசிட்டியைத் தாண்டி, ஓர் இடத்துக்குச் சராசரியாக எத்தனை வடிவங்கள் இருக்கின்றன என்ற பத்தியை முதலில் தேடுவேன். அது வேகமாகக் குறையும், பொய் சொல்வது குறைவு.

இன்னொரு சிக்கல், கலப்பு இந்த எண்ணைக் கூட்டிவிடும் என்பது. இதற்குப் பன்றியின் வரலாறு கொஞ்சம் வேண்டும். ஐரோப்பியக் காட்டுப்பன்றியும் ஆசியக் காட்டுப்பன்றியும் ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. மனிதன் பன்றியைப் பழக்கியதும் ஓரிடத்தில் நடந்ததல்ல. சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன் அனடோலியாவிலும் (இன்றைய துருக்கி) சீனாவிலும் தனித்தனியாக நடந்தது. அப்புறம் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சீனப் பன்றிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் அங்குள்ளவற்றோடு சேர்த்தார்கள். இன்று உலகமெங்கும் வெண்பன்றி என்று வளர்க்கப்படும் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயரில் ஆசியப் பங்கு கணிசமாக இருப்பது இதனால்தான். அவ்வளவு தூரம் விலகிய இரண்டு வம்சங்கள் சேர்ந்தால் பன்முகத்தன்மை எண் ஏறத்தானே செய்யும்? மாறாக, சீனக் கலப்பு அதிகம் ஏறாத ஸ்பெயினின் ஐபீரியப் பன்றியில் இந்த எண் குறைவு. எண்ணை மட்டும் பார்த்தால் யார்க்‌ஷயரைக் காப்பாற்றிவிட்டு ஐபீரியப் பன்றியை விட்டுவிடலாம் என்று தோன்றும். எது அபாயத்தில் இருப்பது, எதைத் திரும்பப் பெறமுடியாது என்று யோசித்தால் முடிவு தலைகீழ்.

உங்கள் அறிக்கையிலும் இதே கேள்வி எழ வேண்டும். அந்த 0.7இல் எவ்வளவு நாட்டுப் பன்றியுடையது, எவ்வளவு கடந்த முப்பது நாற்பது வருடத்தில் புகுந்த வெண்பன்றி, டியூராக் போன்ற வணிக இனங்களின் ரத்தத்துடையது? கலப்பு விகிதத்தைத் தனியாகக் கணக்கிட்ட படம் அறிக்கையில் இருந்தால் அதைப் பாருங்கள். பல நிறப் பட்டைகளாக இருக்கும். நாட்டினத்தின் பட்டைக்குள் யார்க்‌ஷயரின் நிறம் ஆங்காங்கே தெரிந்தால், "அதிகம்" என்ற சொல் நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று நீங்களே சொல்லிவிடலாம்.

ஹெட்டிரோசைகோசிட்டிக்கு எதிர்பார்க்கப்படும் மதிப்பு, காணப்பட்ட மதிப்பு என்று இரண்டு போட்டிருப்பார்கள். முதலாவது மேலே சொன்ன பானைக் கணக்கு; இரண்டாவது, இரண்டு பிரதிகளும் வெவ்வேறாக இருந்த பன்றிகள் உண்மையில் எத்தனை பங்கு என்று எண்ணிப் பார்த்தது. எதிர்பார்க்கப்படுவது 0.70, காணப்பட்டது 0.55 என்றால் இடைவெளி பெரிது. நெருங்கிய உறவுக்குள் சேர்க்கை நடந்திருக்கலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத கூட்டங்களை ஒரே இனமாகக் கூட்டி அளந்திருக்கலாம். சில குறிகள் ஒழுங்காகப் படியாமலும் இருக்கலாம். மூன்றில் எது என்று அந்த ஓர் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

மாதிரி எடுத்த விதத்தையும் கேளுங்கள். என் தொடக்கக் காலத்தில் நாற்பது பன்றிகளிடம் மாதிரி எடுத்து, நாற்பதும் வெவ்வேறு வீடுகள் என்று பெருமையாகக் குறித்துவைத்தேன். அலசியபோது பாதிக்கு மேல் ஒரே தந்தையின் பிள்ளைகள். விசாரித்தால், அந்த வட்டாரத்தில் சேர்க்கைக்கு இருந்ததே ஒரே ஆண் பன்றிதான். எல்லா வீட்டுக்காரர்களும் குட்டி வாங்கியது அதன் வாரிசுகளிலிருந்து. வீடு வேறு, ரத்தம் ஒன்று. ஒரு வருட வேலை போனது, ஆனால் அந்த இனத்தைப் பற்றிய மிகப் பயனுள்ள தகவல் எனக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது.

நியாயத்துக்கு, எதிர்த்திசையில் ஏமாற்றும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2009 வாக்கில் வந்த, சுமார் 60,000 இடங்களைப் படிக்கும் பன்றி எஸ்.என்.பி. சிப்பில் எந்த இடங்களைப் படிப்பது என்பதைப் பெரும்பாலும் வணிக இனங்களை வைத்தே முடிவு செய்தார்கள். அந்த இனங்களில் மாறுபடும் இடங்கள் அதில் நிறைய. நாட்டினத்தில் மட்டும் மாறுபடும் இடங்கள் குறைவு. ஆகவே சிப் முடிவில் நாட்டினம் உள்ளதைவிட ஏழையாகத் தெரியலாம். முழு மரபணுத் தொகுதியையும் படித்தால் இந்தக் கோளாறு பெரிதும் நீங்கும், செலவுதான் கூடும்.

சரி, எந்த எண்ணைத்தான் பார்ப்பது? நான் பார்ப்பது ஆண் பன்றிகளின் எண்ணிக்கையை. ஆய்வகமே வேண்டாம், நடந்துபோய் எண்ணிவிடலாம். ஓர் இனத்தில் எத்தனை உருப்படி இருக்கிறது என்பதைவிட, அடுத்த தலைமுறைக்கு எத்தனை ஆணும் எத்தனை பெண்ணும் பிள்ளை கொடுக்கின்றன என்பதே முக்கியம். ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதைப் பயனுறு எண்ணிக்கை என்கிறோம். நூறு தாய்ப்பன்றிகளும் இரண்டே ஆண்களும் இருந்தால் விடை ஏறத்தாழ 8. அதாவது மரபணுக் கணக்கில் அந்த நூற்றிரண்டு பன்றிகளும் எட்டுப் பன்றிகளுக்குச் சமம். அதே நூறு பெண்களுக்கு இருபது ஆண்கள் இருந்தால் 67. பதினெட்டு ஆண் பன்றிகள் கூடுதலாக இருப்பதால் வரும் வித்தியாசம் இது. உலக உணவு வேளாண் அமைப்பு குறைந்தபட்சம் 50 வேண்டும் என்கிறது; அந்த அளவில் ஒரு தலைமுறைக்கு உள்ளினச்சேர்க்கை, அதாவது உறவுக்குள் சேர்வதன் அளவு, ஒரு விழுக்காடு ஏறும். எட்டில் இருந்தால் தலைமுறைக்கு ஆறு விழுக்காட்டுக்கு மேல். ஐந்தே தலைமுறையில் 28ஐத் தொட்டுவிடும். உடன்பிறந்த ஆணும் பெண்ணும் சேர்ந்து பிறக்கும் குட்டிக்கே 25தான். பன்றிக்கு ஐந்து தலைமுறை என்பது பத்து வருடம்கூட இல்லை. ஈற்றுக்கு வரும் குட்டிகள் குறைவது, குட்டிகள் சாவது, சினை பிடிக்காமல் போவது எல்லாம் அப்போது தொடங்கும். இந்தக் கணக்கு எல்லா ஆண்களும் சமமாகப் பிள்ளை கொடுக்கும் என்று எடுத்துக்கொண்டது. நடைமுறையில் அப்படி இருக்காது, உண்மை நிலை இதைவிட மோசமாகவே இருக்கும்.

ஆண்கள் ஏன் குறைகின்றன? சிறு அளவில் வளர்ப்பவர் யாரும் ஓர் ஆண் பன்றிக்கு வருடம் முழுக்கத் தீனி போட விரும்பமாட்டார். ஆண் குட்டிகளைச் சிறுவயதிலேயே காயடித்து விற்றுவிடுவார். அதிலும் நன்றாக வளரும் குட்டிதான் முதலில் காயடிக்கப்படும், அதற்குத்தானே விலை. விலைபோகாத சோப்ளாங்கிக் குட்டி காயடிக்கப்படாமல் தப்பி, வளர்ந்து, தன் அக்கா தங்கைகளோடும் தாயோடும் சேர்ந்துவிடும். யாரும் திட்டமிடாமலே பின்னோக்கிய தேர்வும் உறவுச் சேர்க்கையும் ஒன்றாக நடக்கின்றன. நாட்டுப் பன்றி சிறுத்துவிட்டது, முன்போல இல்லை என்று பெரியவர்கள் சொல்வதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஏக்கம் என்று பிரிப்பது கடினம். ஆனால் சிறுப்பதற்கான வழி இருக்கிறது.

இனங்கள் அழிவது மெதுவாகத்தான் என்றும் இல்லை. 1955இல் பிரிட்டனில் அரசு அமைத்த ஒரு குழு, லார்ஜ் ஒயிட், லேண்ட்ரேஸ், வெல்ஷ் ஆகிய மூன்று இனங்களில் கவனம் செலுத்தினால் போதும் என்று பரிந்துரைத்தது. பண்ணைத்தொழில் நோக்கில் நியாயமான யோசனைதான். ஆனால் 1972க்குள் சுருள்முடிக்குப் பெயர்போன லிங்கன்ஷயர் கர்லி கோட் என்ற இனம் அற்றுப்போனது. அரிய இனங்களைக் காப்பதற்கான அறக்கட்டளை அங்கே தொடங்கியது அடுத்த வருடம், 1973இல். ஹைட்டியில் நடந்தது இன்னும் கொடுமை. 1970களின் இறுதியில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் அங்கே நுழைந்தது. நோயை ஒழிக்க நாட்டின் கிரியோல் பன்றிகளை அனேகமாக முழுவதுமாகக் கொன்றார்கள். பதிலாக அமெரிக்காவிலிருந்து வந்த பன்றிகளுக்குக் கொட்டகையும் அடர்தீவனமும் வேண்டியிருந்தது. ஏழைக் குடும்பங்களால் கட்டுப்படியாகவில்லை. பிறகு பிரான்ஸ், சீனா, குவாடலூப் பன்றிகளைக் கலந்து பழையதைப் போன்ற ஒன்றை உருவாக்க முயன்றார்கள். போன இனம் வரவில்லை. ஓர் இனம் முழுக்க ஒரே நிலப்பகுதியில் இருந்தால், அதன் பன்முகத்தன்மை எண் என்னவாக இருந்தாலும் ஒரு நோய் போதும்.

அடுத்து, நாட்டுப் பன்றியைக் காப்பாற்றச் சொல்பவர்கள் அடுக்கும் காரணங்கள். எல்லாம் ஒரே அளவு உறுதியானவை அல்ல. தசைக்குள் கொழுப்பு படியும் தன்மையில் ஐபீரியப் பன்றி வணிக இனங்களை மிஞ்சும், இது உறுதி. சீனாவின் மெய்ஷான் மூன்று மாத வயதிலேயே பருவமடைந்து ஈற்றுக்குப் பதினைந்து குட்டி போடும், இதுவும் உறுதி. 1979இல் பிரான்ஸ் அதை இறக்குமதி செய்தது குட்டி எண்ணிக்கைக்காகவே. ஆனால் மெய்ஷான் மெதுவாக வளரும், கொழுப்பும் அதிகம். நேரடியாகப் பண்ணைக்குப் போகாமல் கலப்பு வரிசைகளின் வழியாகவே பயன்பட்டது. நார்ச்சத்துள்ள தீனியை நாட்டினங்கள் நன்றாகச் செரிக்கும் என்பதற்குச் சான்று உண்டு, ஆனால் வித்தியாசம் பலர் நினைக்குமளவுக்குப் பெரிதல்ல.

நோய் எதிர்ப்புதான் சந்தேகமான பகுதி. நாட்டுப் பன்றிக்கு நோயே வராது என்பார்கள். விட்டுவிட்டு வளர்க்கும்போது நெருக்கம் குறைவு, அதனால் நோய் பரவுவதும் குறைவு. செத்த குட்டிகளை யாரும் கணக்கெழுதுவதும் இல்லை. இவற்றைக் கழித்த பிறகு எவ்வளவு மிஞ்சும் என்பதே கேள்வி. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலைப் பொறுத்தவரை, வளர்ப்புப் பன்றியில் நிரூபிக்கப்பட்ட எதிர்ப்புள்ள இனம் என்று எதுவும் இல்லை. மொசாம்பிக்கில் அந்த வைரஸைத் தாங்கி உயிர்பிழைத்த பன்றிகளின் வாரிசுகளைச் சோதித்தபோது அந்தத் திறன் பிள்ளைகளுக்கு வந்ததாகத் தெரியவில்லை. ஆகவே இந்த இனத்தைப் பாதுகாக்கக் கேட்டு மனு ஏதும் எழுதினால், "காய்ச்சலுக்கு நாட்டினம்தான் தீர்வு" என்ற வாதத்தை அதில் எழுதாதீர்கள். ஒரு கால்நடை மருத்துவர் அதைப் படித்ததும் மீதியையும் நம்பமாட்டார்.

இப்போது உறைவிந்துக்கு வருகிறேன். மாட்டை மனதில் வைத்து யோசித்தால் இது எளிதாகத் தோன்றும். பன்றி அப்படியல்ல. பன்றியின் விந்தணு குளிர்ச்சியைத் தாங்காது. அதனால்தான் பண்ணைகள் அதை உறையவைக்காமல் 17 டிகிரி வாக்கில் வைத்துச் சில நாட்களுக்குள் பயன்படுத்திவிடுகின்றன. உறையவைக்க முடியும், செய்கிறோம். ஆனால் உருக்கிய பின் சினை பிடிப்பதும் ஈற்றுக் குட்டிகளும் குறைவு, ஒவ்வோர் ஆணுக்கும் ஒரு மாதிரி. கருவில் கொழுப்பு அதிகம் என்பதால் கருவை உறையவைப்பது இன்னும் சிரமம். அதைவிட முக்கியமானது வேறொன்று. பெண் பன்றிகள் அழிந்து, விந்து மட்டும் மிஞ்சினால், வேறினப் பெண்ணில் ஏற்றித் திரும்பத் திரும்பச் சேர்க்க வேண்டும். முதல் தலைமுறையில் பாதி, அடுத்தது முக்கால், இப்படி ஐந்தாவது தலைமுறையில்தான் 97 விழுக்காட்டை நெருங்கலாம். தாய்வழி மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரிய மரபணு எப்போதும் வராது. வங்கியில் இருப்பது இரண்டு ஆண்களின் விந்து என்றால், மேலே சொன்ன எட்டுக் கணக்குத்தான் மறுபடியும். உறவற்ற 25 ஆண்களிடமிருந்து எடுத்தால் அதை வங்கி என்பேன். வேண்டாம் என்று சொல்லவில்லை; ஹைட்டி போன்ற ஒரு நாளுக்கு அது காப்பீடு. காப்பீட்டுப் பத்திரம் கையில் இருக்கிறதென்று வீட்டைக் கொளுத்தமாட்டோம்.

உயிரோடு வளர்த்துக் காப்பது என்றால், செலவு குறைந்த ஒரு முறை உண்டு. வளர்ப்பவர்களை மூன்று நான்கு குழுக்களாகப் பிரியுங்கள். பெண் குட்டிகள் பிறந்த குழுவிலேயே இருக்கட்டும். முதல் குழுவின் ஆண் குட்டிகள் இரண்டாவதுக்கு, இரண்டாவதன் ஆண்கள் மூன்றாவதுக்கு, கடைசிக் குழுவின் ஆண்கள் முதல் குழுவுக்கு, எப்போதும் ஒரே திசையில். வம்சாவளி ஏட்டை யாரும் பெரிதாக எழுதாவிட்டாலும் நெருங்கிய உறவுச் சேர்க்கை வெகுவாகத் தள்ளிப்போகும். நல்ல ஆண் குட்டியைக் காயடிக்காமல் விடுபவருக்கு அந்த நஷ்டத்தை யாராவது ஈடுகட்ட வேண்டும், இல்லாவிட்டால் திட்டம் காகிதத்தில்தான் நிற்கும். கலப்பினக் குட்டி வேகமாக வளர்கிறது என்பதால் வளர்ப்பவர் அதைத்தான் கேட்பார், தப்பில்லை. ஆனால் முதல் தலைமுறைக் கலப்பில் கிடைக்கும் வீரியம், கலப்பையே மேலும் கலக்கக் கலக்கக் கரையும். அது தொடர்ந்து வேண்டுமென்றால் சுத்த நாட்டினத் தாய்கள் எங்காவது இருந்தாக வேண்டும். ஹங்கேரியின் மங்கலிட்சா 1990களின் தொடக்கத்தில் இருநூறுக்கும் குறைவான தாய்ப்பன்றிகளில் வந்து நின்றது. அதைத் தூக்கி நிறுத்தியதில் பெரிய பங்கு, அதன் இறைச்சியில் பன்றித்தொடை பதப்படுத்த முன்வந்த ஸ்பானிய வாங்குபவர்களுக்கு உண்டு. நியூசிலாந்தின் குனேகுனே 1970களின் இறுதியில் சேகரித்த 18 பன்றிகளிலிருந்து பெருகியது. இன்று பல நாடுகளில் இருக்கிறது. எண்ணிக்கை மீண்டுவிட்டது, ஆனால் அந்தப் பதினெட்டில் இல்லாதது எதுவும் அவற்றின் வாரிசுகளிடமும் இல்லை.

உங்கள் இனத்தின் நிலை என்ன என்று அறிக்கையின் இரண்டு வரிகளை வைத்து என்னால் சொல்ல முடியாது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, இப்போது சேர்க்கைக்கு நிற்கும் ஆண் பன்றிகள் எத்தனை, ஒவ்வொன்றும் எந்த வீட்டில் எந்தத் தாய்க்குப் பிறந்தது, கடந்த ஒரு வருடத்தில் எத்தனை தாய்ப்பன்றிகளோடு சேர்ந்தது என்று எழுதி வாருங்கள். கூடவே, மாதிரி எடுத்த பன்றிகளின் பட்டியல் அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டையும் இங்கேயே போட்டால், எந்த வீட்டு ஆண் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதுவரை சேர்ந்து கணக்குப் போட்டுவிடலாம்.